பதினோரு நிமிஷம் நாற்பது விநாடி

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பத்து வருஷம் முடிந்தபோது எழுதிய குறிப்பில் பனியைப் பற்றியும், கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றியும் நாலு பக்கம் புலம்பியிருந்தேன். படித்த நண்பர்கள் "இதைத்தானேப்பா எல்லாரும் எழுதறாங்க" என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். இந்தத் தடவை பனி கிடையாது. நான் குடியிருக்கும் ஊரைப் பற்றி எனக்கே தெரியாத ஒரு சங்கதியை, இரும்புலியூரில் உட்கார்ந்துகொண்டு என் மச்சான் எனக்குச் சொல்லிக்கொடுத்த கதையை எழுதுகிறேன்.

ஊரின் பெயர் லிண்டன்மூல். ஒரு ஆறு, ஆற்றின் குறுக்கே ஒரு பழைய தடுப்பணை, இரண்டு ரொட்டிக் கடை, ஒரு வால்வுத் தொழிற்சாலை. தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். காலை ஆறு மணிக்குத் தடுப்பணை வழியாகச் சைக்கிளில் போவேன், மூன்று மணிக்கு அதே வழியில் திரும்புவேன். செவ்வாய்க்கிழமை நீலத் தொட்டியில் காகிதக் குப்பை, வியாழக்கிழமை பழுப்புத் தொட்டியில் காய்கறிக் குப்பை. ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் என் வெங்காயத்தோலைத் தனியே பொறுக்கி ஒரு பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

மொழியிலும் அப்படித்தான். இங்கேயும் நம்மைப்போல நீ, நீங்கள் உண்டு. அது தெரியாத ஊரிலிருந்தா வந்தேன்? ஆனாலும் முதல் வருஷம் மேனேஜரை "நீ" என்றும் அவருடைய நாயை "நீங்கள்" என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி மீனா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மகள் மதுமிதா. ஐந்து வயதுவரை வாய் ஓயாமல் தமிழ் பேசினாள். பிறகு பள்ளிக்கூடம் போனாள், தமிழ் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கொஞ்ச நாளில் பதிலும் சுருங்கிவிட்டது. ஊருக்குப் போகலாம் என்றால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

2

2005 கோடை விடுமுறைக்கு இரும்புலியூர் போனோம். மீனாவின் அண்ணன் சேகர் வீடு. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ரூம். மச்சான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது, சினிமாகூட வருஷத்துக்கு ஒன்றுதான். போன தடவை நான் வந்தபோது அந்த மாடி ரூமில் பழைய சைக்கிளும் கொசுவலையும் இருந்தன. இந்தத் தடவை ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பெரிய ஸ்பீக்கர், சுவர் ஓரமாக சி.டி. அடுக்கு.

இதற்கெல்லாம் காரணம் பாபு. மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், பொழிச்சலூர்க்காரர். மச்சான் ஏதோ டிரான்ஸ்ஃபர் ஆர்டர் பார்க்க அங்கே போயிருக்கிறார். கடையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். மச்சான் காத்திருந்த இருபது நிமிஷமும் அதே பாட்டு. இது என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறார். பாபு சொன்ன பதிலை அவர் இன்றும் நடித்துக் காட்டுவார்: "இன்னா பாட்டுன்னு எனுக்கே தெரியாது சார். எவனோ டவுன்லோடு பண்ணி வுட்டுட்டுப் பூட்டான். வார்த்தை கம்மியா கீது, கஸ்டமருக்கு பேஜார் இல்ல, அதான் போட்டுகினு கீறேன்."

எழுபதுகளில் ஐரோப்பாவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட நாலைந்து பேர் சேர்ந்து கிடாரையும் டிரம்ஸையும் புல்லாங்குழலையும் வைத்துக்கொண்டு இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டாக வாசித்திருக்கிறார்கள். புரோகிரசிவ் ராக் என்று அதற்குப் பெயர். பாதிக் குழுக்கள் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டன. தாளம் ஏழில் ஆரம்பித்து ஐந்துக்குத் தாவி, அங்கிருந்து பதினொன்றுக்குப் போகும். கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன வேண்டும்? பெரிய பெயர்களை அவர் சீண்டவில்லை. அதெல்லாம் ஊருக்கே தெரிந்தவர்கள் என்பார். யாருக்கும் தெரியாதவர்களைத் தேடித் தேடி பாபுவின் கடையில் இறக்கினார். நான் போனபோது நூற்று நாற்பது குழுக்கள் சேர்ந்திருந்தன.

எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்திருந்தார். குழுவின் பெயர், ஊர், நேரம், கடைசியில் சிவப்பு மையில் ஐம்பதுக்கு இத்தனை என்று மார்க். பக்கத்தில் ஒரு குறிப்பு. "32. டிரம்ஸ் அதிகப்பிரசங்கம்." "27. நடுவில் தூங்கிவிட்டார்கள்." "44. நல்ல பையன்கள், கையெழுத்து மோசம்." கையெழுத்து என்றால் ரெக்கார்டிங்.

ஒரே ஒரு குழுவுக்குத்தான் ஐம்பதுக்கு ஐம்பது. அதைக் காட்டுவதற்கு முன்னால் மச்சான் என்னைப் பார்த்து, "மாப்ளே, நீ இருக்கற ஊரு பேரை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். நோட்டை என் பக்கம் திருப்பினார். நேபெல்வேர், லிண்டன்மூல், ஜெர்மனி, 1974 என்று இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக நான் அந்த ஊரில் குப்பை பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு இசைக்குழு இருந்ததென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பாபு கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த அட்டைப் படத்தைப் பார்த்தேன். மூடுபனியில் ஒரு தடுப்பணை. நான் தினமும் சைக்கிளில் கடக்கும் அதே தடுப்பணை. மூலையில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்த மது எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அந்த விடுமுறையில் அவள் தானாக எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. நேபெல்வேர் என்றால் மூடுபனி அணை என்று மாமாவுக்கு அர்த்தம் சொன்னாள். தமிழில் சொன்னாள்.

3

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடியில் சபை கூடும். மச்சான், பாபு, எதிர்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் கார்டு, மச்சானின் மனைவி கமலா அக்கா. அக்கா பாதி நேரம் கீழே அடுக்களையில்தான் இருப்பார், ஆனால் கருத்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு புதுப்பாட்டு. கடைசியில் நேபெல்வேர் பாட்டு, அது மட்டும் எல்லா வாரமும் உண்டு.

நானும் மதுவும் உட்கார்ந்து கேட்டோம். கிடார் மெதுவாக ஆரம்பிக்கிறது. புல்லாங்குழல் வருகிறது. டிரம்ஸ் அவர்களைத் துரத்துகிறது. ஏறிக்கொண்டே போய், புல்லாங்குழல் ஒரு கேள்வியைப்போல மேலே போய் நின்று, பதில் வரும் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சடக்கென்று நின்றுவிடுகிறது. பதினோரு நிமிஷம் நாற்பது விநாடி. அதற்கு அப்புறம் யாரும் பேசக்கூடாது. கார்டு சார் கையில் கடிகாரம், ஒரு நிமிஷம் மௌனம். மேலே விமானப்படை மைதானத்துப் பயிற்சி விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முடிந்ததும் கார்டு சார் கையைத் தூக்குவார். கமலா அக்கா போண்டாத் தட்டோடு படியேறி வருவார். பதினோரு நிமிஷம் நாற்பது விநாடியைக் கணக்கு வைத்துத்தான் அவர் எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் வைப்பார்.

அந்த முடிவுக்குத்தான் ஐம்பது மார்க். "எல்லாருக்கும் ஆரம்பிக்கத் தெரியும் மாப்ளே. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவங்க இவங்க மட்டும்தான். பதில் தெரிஞ்சும் சொல்லாம வுட்டாங்க பாரு, அந்த தைரியம் யாருக்கு வரும்?" என்றார் மச்சான். அந்த வருஷமும் அவருக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு கைநழுவிப் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் திரும்பிப் போனதும் அவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், எப்படி அந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று கேட்க வேண்டும் என்றார். சரி என்றேன். கிளம்பும் நாளில் எனக்காக அவர் தாம்பரம் நகராட்சியில் மூன்று நடை நடந்து வாங்கி வைத்திருந்த என் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். அந்தக் கவரிலேயே அட்டைப் படத்தின் பிரிண்டையும் மடித்து வைத்திருந்தார்.

ஒப்புக்கொள்கிறேன், வந்ததும் மறந்துவிட்டேன். வேலை, குளிர், குப்பைத் தொட்டி. மது மறக்கவில்லை. மாமாவுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். அதைப் படித்துப் புரிந்துகொள்ள பாபுவும் மச்சானும் சேர்ந்து உட்காருவார்களாம்.

4

அடுத்த வருஷம் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே மூன்று வருஷம் தள்ளிப்போட்டிருந்தேன். மதுவின் படிப்புக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விண்ணப்பத்தை முதலில் ஊர் நகராட்சியில் சரிபார்ப்பார்கள். அங்கே இருந்தவர் ஹெர் ஹோல்ஸ்மான்.

ஹெர் என்றால் நம் ஊர் திரு. அந்தத் திருவைக் கண்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். ஆறடிக்கு மேல் உயரம், கயிறு கட்டிய கண்ணாடி, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். விண்ணப்பத்தை அவர் படிப்பதில்லை, எண்ணுவார். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒரு தாள் குறைந்தாலும் மொத்தத்தையும் திருப்பி என் பக்கம் தள்ளிவிடுவார். கோபமே வராது, அதுதான் கொடுமை. இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

மூன்றாவது தடவை மதுவை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிப்போனேன். பெற்ற பெண்ணின் வாய் வழியாக ஆபீசரிடம் பேசுவது எந்த அப்பனுக்கும் பெருமை இல்லை, ஆனால் வேலை ஆக வேண்டுமே. மீனா எல்லாக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் அடுக்கிக் கொடுத்திருந்தாள். ஹோல்ஸ்மான் எண்ண ஆரம்பித்தார். இணைப்பு பத்து, பிறப்புச் சான்றிதழ். அதன் பின்னால் மடித்த ஒரு தாள். பிரித்தார்.

மூடுபனியில் தடுப்பணை.

நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னிடம் இல்லை, மதுவிடம், இது உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

மது சொன்னாள். மாமாவைப் பற்றி, மாடி ரூமைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை சபையைப் பற்றி, ஒரு நிமிஷ மௌனத்தைப் பற்றி. போண்டாவுக்கு ஜெர்மனில் வார்த்தை தேடித் தடுமாறினாள். ஹோல்ஸ்மான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துவிட்டார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் அதை லட்சியம் செய்யவில்லை.

"நான்தான் அதில் ஆர்கன் வாசித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது" என்றார்.

பிறகு முகம் சிவக்கச் சிவக்க, பத்தொன்பது வயசுப் பையன் மாதிரியே ஒன்று கேட்டார்: "உங்கள் மைத்துனர் ஆர்கன் பற்றி என்ன சொன்னார்?"

அந்தப் பாட்டை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். அதில் ஆர்கன் இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. வேலை ஆக வேண்டிய இடம். ஆர்கன்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். மது என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமா கொடுத்த சி.டி.யில் அவள் அந்தப் பாட்டை வாராவாரம் கேட்பவள்.

5

சனிக்கிழமை மத்தியானம் எங்களை வீட்டுக்கு அழைத்தார். கேக், காப்பி. அவர் மனைவி எங்களிடம், கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் வந்தவர்களுக்கு இந்த இசைத்தட்டை அவர் போட்டுக் காட்டியதே இல்லை என்றார். இசைத்தட்டுகள் நிலவறையில் ஜாம் பாட்டில்களுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக இருந்தன. சொந்தக்காரர்களுக்கு விற்றதோடு சரி. கிடார் வாசித்தவர் இறந்துபோனார், புல்லாங்குழல் பக்கத்து ஊரில் பல் டாக்டர், டிரம்ஸ் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஒரு பத்திரிகைகூட ஒரு வரி எழுதவில்லையாம்.

ஹோல்ஸ்மான் இசைத்தட்டின்மேல் முள்ளை வைத்தார். கிடார் வந்தது, புல்லாங்குழல் வந்தது, டிரம்ஸ் துரத்தியது. ஆர்கன் இல்லை. புல்லாங்குழல் அந்தக் கேள்வியோடு மேலே ஏறி நின்றது. நானும் மதுவும் மாடி ரூம் ஞாபகத்தில் கையைக் கட்டிக்கொண்டு மௌனத்துக்குத் தயாரானோம்.

பாட்டு நிற்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேர் பதிலாக ஆர்கன் புகுந்தது. ஏழு நிமிஷம் ஆர்கன்தான், மற்றவர்கள் பின்னால் ஒதுங்கி நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோல்ஸ்மானின் விரல்கள் முழங்காலில் தானாக ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாபுவின் கடையில் கரண்ட் போயிருக்கும், இல்லை லைன் அறுந்திருக்கும். டவுன்லோடு பாதி தாண்டியதும் நின்றுபோயிருக்கும். வந்தவரைக்கும் சி.டி.யில் ஏற்றிவிட்டார்கள். தாம்பரத்து டெலிபோன் லைன் அறுத்த இடத்தை, மச்சான் லிண்டன்மூல் மேதைகளின் தைரியம் என்று எடுத்துக்கொண்டு மூன்று வருஷமாக மௌனம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தார். அறுந்து விழுந்தது, இந்த மனிதர் வாசித்த பகுதி முழுவதும்.

வீட்டுக்கு வரும் வழியில் மது எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. மச்சானிடம் சொன்னால் அவருக்கு இருக்கும் ஒரே சந்தோஷத்தில் நானே கல்லைப் போட்டதாகும். சொல்லாவிட்டால், ஆர்கன் பிடிக்கும் என்று நான் விட்ட புளுகை நம்பிக்கொண்டு இங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு அவர் மச்சானுக்குக் கடிதம் போட்டால் என் மானம் இரண்டு கண்டத்திலும் போகும்.

மீனாவிடம் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க அண்ணன் பேப்பர் திருத்தறவரு. பாதி பேப்பரைக் குடுத்து மார்க் வாங்கினா அவருக்குப் பிடிக்குமா? முழுசையும் அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினோம். மது ஹோல்ஸ்மான் வீட்டுக்கே போய் இசைத்தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அதற்குள் பாபுவின் கடைக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. மெயிலில் நான் ரொம்ப யோசித்து இரண்டே வரி எழுதினேன்: பாட்டில் இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

6

மச்சானிடமிருந்து பதில் இல்லை. ஒரு ஞாயிறு போனது, இரண்டு போனது. போன் செய்தால் கமலா அக்காதான் எடுப்பார். முதல் ஞாயிறு நடந்ததை அவர்தான் சொன்னார். வழக்கம்போலச் சரியான நேரத்துக்குத் தட்டோடு மேலே போயிருக்கிறார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததாம். கார்டு சார் கடிகாரத்தைப் பிடித்தபடி முழித்துக்கொண்டிருந்தாராம். அக்கா ஏழு நிமிஷமும் தட்டை ஏந்திக்கொண்டு வாசல்படியில் நின்றிருக்கிறார். பாட்டு முடிந்ததும் மச்சான் குன்றத்தூர் கோயிலுக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். போண்டா ஆறிப்போய்விட்டது என்று அக்கா வருத்தப்பட்டார்.

நாலாவது வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு இல்லை. ஹோல்ஸ்மானுக்கு, மது மூலமாக. தமிழில் எழுதியிருந்தார். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "கண்ணு மது, நான் இங்கிலீஷ்ல எழுதினா அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. நீ உங்க பாஷைல மாத்திக் குடு."

தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண். நாலு சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினாள். மீனாவின் தோளைச் சுரண்டி வார்த்தை வார்த்தையாக அர்த்தம் கேட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாம்பரம் இரும்புலியூரிலிருந்து சேகர் எழுதுவது. நான் கணக்கு ஆசிரியர். இருபத்திரண்டு வருஷமாகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துகிறேன். எங்கள் ஊரில் எழுத இடம் போதாவிட்டால் மாணவன் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டு வாங்குவான். அதை நூலால் விடைத்தாளோடு கட்டிக் கொடுப்பான். அந்தத் தாளைப் பார்க்காமல் மார்க் போடுவதைவிடப் பெரிய தப்பு திருத்துபவருக்குக் கிடையாது. அப்படிச் செய்த சக ஆசிரியர்களை நான் திட்டியிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் அதையே நான் செய்துவிட்டேன். மூன்று வருஷமாக உங்கள் விடைத்தாள் பாதியில் நிற்கிறதே என்று சந்தேகப்படாமல், நிற்பதையே மெச்சிக்கொண்டிருந்தேன். முதல் ஞாயிறு எனக்கு உங்கள் பேரில் கோபம் வந்தது. இரண்டாவது ஞாயிறு என் பேரில் வந்தது. மூன்றாவது ஞாயிறுதான் பாட்டைக் கேட்டேன். பழைய மார்க்கை அடித்துவிட்டேன். முழுப் பாட்டுக்கும் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. ஆர்கன் நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறது. ஒன்பது மார்க் அதற்காகக் குறைத்தேன். மறுமதிப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு."

என் விண்ணப்பம் இன்னும் அவர் மேஜையில் இருக்கிறது. அந்த ஒன்பது மார்க்கையும் அவசரத்தையும் மட்டும் விட்டுவிடேன் என்று மதுவிடம் கெஞ்சினேன். வேண்டுமானால் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு என்று போடேன் என்றேன்.

"அப்பா, இது மாமா எழுதினது. நீ எழுதினது இல்ல" என்றாள். தமிழில்தான் சொன்னாள். திட்டு வாங்கினாலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

7

திங்கட்கிழமை நகராட்சிக்குப் போனோம். ஹோல்ஸ்மான் மொழிபெயர்ப்பை வாங்கி மேஜையில் வைத்து, அதன்மேல் தமிழ்க் கடிதத்தை வைத்து, இரண்டிலும் பக்கம் சரியாக இருக்கிறதா என்று முதலில் எண்ணினார். பிறகு படித்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை. கூடுதல் தாள் என்ற இடத்தில் நிறுத்தி மதுவிடம் ஏதோ கேட்டார். அவள் கையை ஆட்டி, நூல் கட்டுவதைக் காட்டி விளக்கினாள். மாணவன் எழுந்து நிற்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம், எழுந்து நிற்க வேண்டும் என்றாள்.

இரண்டாம் தடவையும் படித்தார். படித்துவிட்டு அந்த மனிதர் சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பக்கத்து அறைப் பெண்மணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஸ்டூடியோவை அன்றைக்கு ஐந்து மணிக்குக் காலி செய்ய வேண்டியிருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார், நான் அவசரப்பட்டது உண்மைதான் என்றார். இந்த விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். கூட வாசித்தவர்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லையாம். இந்தப் பாட்டுக்கு இதுவரை வந்த ஒரே விமரிசனம் இந்தக் கடிதம்தான், இதை நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருக்குத்தான் வந்தது என்று மது சொன்னாள்.

நாங்கள் எழுந்தோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தேதி போட்டு, விண்ணப்பம் எழுதுகிற தோரணையிலேயே நாலு வரி எழுதினார். எழுதியதை மதுவிடம் நீட்டினார்.

"மறுமதிப்பீடு கேட்கிறேன். பதினாலாவது நிமிஷத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே மட்டும் நான் அவசரப்படவில்லை. உங்கள் மாமாவை அதைக் கேட்கச் சொல்" என்றார்.

அன்று மாலை போனில் மது அதைப் படித்துக் காட்டினாள். மச்சான் ஒரு நிமிஷம் இரு என்றார். அவர் மாடிப்படி ஏறுவது கேட்டது, கம்ப்யூட்டர் போடுவது கேட்டது. பிறகு போன் வழியாகவே ஆர்கன் வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஸ்பீக்கர் போனைச் சுற்றி நின்றோம். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை போட்டார். கடைசித் தடவை முடிந்ததும் பேனா மூடியைத் திறக்கும் சத்தம்.

"மது, சாரை நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு" என்றார். "நாற்பத்திரண்டு."